கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மணியடிக்கப் போகிறேன்

நாய் குரைக்காத வாசலும், "எங்க புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொல்லாத வாயும் எங்கள் தொழிலில் கிடையாது. உங்களில் யாராவது ஜனத்தொகைக் கணக்கெடுக்கப் போயிருந்தால், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை பிடிக்கப் போன வாத்தியாராக இருந்தால், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக வெயிலில் அலைந்திருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி. அடுத்தவர் வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்டுப் பிழைத்த ஜாதி.

ஐம்பதுகளின் கடைசியிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் நான் ஹெல்த் விசிட்டர். பெயர் ஆரோக்கியமேரி, ஊர் சேலம் டவுன். பெரியவர்களுக்கு நர்சம்மா. பிள்ளைகளுக்கு ஊசிக்காரம்மா, தெருமுனையில் என் குடை தெரிந்தாலே தெரு காலியாகிவிடும். தடுப்பூசி, பிரசவம் எல்லாவற்றோடும் இன்னொரு வேலையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை வயசுக்குத் தக்கபடி உட்காருகிறதா, நடக்கிறதா, பேசுகிறதா என்று பார்த்து அட்டையில் எழுத வேண்டும். பின்தங்கிய பிள்ளையைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரம் ஏதாவது செய்யலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. அதற்காக எனக்குக் கொடுத்தது ஒரு கிலுகிலுப்பை, நாலு மரக்கட்டை, ஒரு பித்தளைக் கைமணி. அந்த மணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மானத்தை வாங்கியது அதுதான்.

மாடிப்படி

அட்டை மதராசில் அச்சடித்து வந்தது. எழுதியவர் நல்ல படிப்பாளியாக இருக்க வேண்டும். கிராமத்தை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்திருக்க மாட்டார். "கரண்டியால் தானே சாப்பிடுகிறதா?" என்று ஒரு கேள்வி. புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு தாய், "ஏனுங்க, கை நல்லாத்தானே இருக்குது?" என்று பிள்ளையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த கேள்வி, "இரண்டு வயதில் மாடிப்படி ஏறுகிறதா?" அந்த ஊரில் மாடி என்று எதுவும் இல்லை. ஊரிலேயே உயரமான இடம் வைக்கோல் போர்தான். ஆகவே ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் "இல்லை" என்று எழுதினேன்.

ஜீப்பில் மேலதிகாரியம்மா வந்தார். அட்டைகளைப் புரட்டிவிட்டு, "ஊர் முழுக்கப் பிள்ளைகள் பின்தங்கியிருக்காங்களே, நீங்க என்ன செஞ்சீங்க?" என்றார். ஊரில் மாடி இல்லை என்றேன். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்" என்றார். அந்த நேரத்தில் அந்தத் தாயின் இரண்டு வயசுப் பிள்ளை எங்கள் தலைக்கு மேலே வைக்கோல் போர் உச்சியில் உட்கார்ந்து கொண்டு, ஜீப் மேல் வைக்கோலைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. தாய் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கவருமெண்டு ஒரு மாடி கட்டிக் குடுத்துப் பாக்கட்டுங்க. ஏறுறது இருக்கட்டும், எறங்கச் சொன்னாக்கூட எறங்க மாட்டான்."

பரீட்சை எழுதும் சொந்தக்காரர்கள்

பிள்ளையைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று விதி. எங்கே தனியாக? நான் "உம் பேரென்ன சாமி?" என்று குனிந்து கேட்டால், அம்மாக்காரி குரலைச் சின்னதாக்கிக்கொண்டு பேரைச் சொல்வாள். "மூக்கைத் தொடு கண்ணு" என்றால் பின்னால் நிற்கிற சித்தப்பா தன் மூக்கைத் தொட்டுக் காட்டுவார். கட்டையை அடுக்கச் சொன்னால் அத்தை அடுக்கி முடித்திருப்பாள். ஏமாற்றுகிற எண்ணம் எல்லாம் இல்லை. அது அவர்களுக்குப் பரீட்சை. பிள்ளை தோற்றுவிட்டால் சர்க்கார் புத்தகத்தில் பேர் ஏறிவிடும், நாளைக்கு மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எவனாவது எடுத்துப் படித்துவிடுவான் என்று பயம்.

நாமகிரிப்பேட்டையில் ஒரு வீட்டில் பையனுக்கு இரண்டு வயசு என்றார்கள். எழுதினேன். அடுத்த வருஷம் போனேன், இரண்டு வயசு. அதற்கடுத்த வருஷமும் போனேன். பையன் என் இடுப்புக்கு வளர்ந்திருந்தான், முழங்காலில் சிராய்ப்பு வேறு. வயசு மட்டும் இரண்டிலேயே நின்றிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முந்தின வருஷமும் ரெண்டு, போன வருஷமும் ரெண்டு, இப்பவும் ரெண்டா?" என்றேன். அந்தம்மா துளிகூடக் கூச்சப்படாமல் சொன்னாள்: "இன்னும் பேச்சு வரலீங்களே. பேசுனதும் மூணு வெச்சுக்கலாமுங்க."

தறிக்கூடத்தில் மணி

ஆட்டையாம்பட்டியில் நெசவுக்காரர் அர்த்தநாரியின் வீடு. வீடு என்றால் முன்பாதி தறி, பின்பாதி அடுப்பு. நாலு தறி. அர்த்தநாரி, அவர் அண்ணன், இரண்டு மச்சினன்மார் நெய்வார்கள். அர்த்தநாரியின் மனைவி பாவாயி மூலையில் ராட்டை வைத்துத் தறிக்கு வேண்டிய நூலைக் குழல் குழலாகச் சுற்றிப் போடுவாள். நாலு தறியும் ஓடும்போது நாம் பேசுவது நமக்கே கேட்காது. ஆகவே அந்த வீட்டில் பாதிப் பேச்சு கையில்தான். நூல் குழல் வேண்டுமென்றால் இரண்டு விரல். தண்ணீர் என்றால் கட்டைவிரல். சோறு தயார் என்றால் வாய்க்கு நேரே ஐந்து விரல். அவர்களுடைய ஒரே பையன் செல்வராசுக்கு அப்போது இரண்டு வயசு, நிஜமான இரண்டு. பெரியப்பா இரண்டு விரலைக் காட்டினால் குழலை எடுத்துக்கொண்டு ஓடுவான். படு சுட்டி. ஆனால் வாயிலிருந்து "அம்மா" என்றுகூட வரவில்லை. பாவாயி முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டாள், "ஊமையாப் போயிருமாங்க?"

முதலில் காதைப் பார்ப்போம் என்றேன். தறியை நிறுத்தச் சொன்னேன். நாலு ஆண்களும் மரியாதையாகத் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, பையனைச் சுற்றி உட்கார்ந்து, இமை கொட்டாமல் அவன் முகத்தையே பார்த்தார்கள். நான் சத்தமில்லாமல் அவன் முதுகுக்குப் பின்னால் போய் மணியை ஆட்டினேன். பாவாயியோடு சேர்த்து ஐந்து பேரும் சட்டென்று நிமிர்ந்து மணியைப் பார்த்தார்கள். பையனும் திரும்பி மணியைப் பார்த்துச் சிரித்தான். இன்னொரு தடவை ஆட்டினேன். இன்னொரு தடவை திரும்பினான். எனக்குப் பரம திருப்தி. அட்டையில் "செவி நன்றாகக் கேட்கிறது" என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, என் வழக்கப்படி கீழே ஒரு கோடும் இழுத்தேன். பேச்சு தானாக வரும் என்றேன். பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எம் வயித்துல பால வாத்தீங்க, நர்சம்மா."

ஐந்து அக்காள்களும் ஒரு ராஜாவும்

அந்தச் சமயத்தில் வேறொரு ஊரில் நான் பெரிய புள்ளியாகிவிட்டேன். ஐந்து பெண்களுக்குப் பிறகு பிறந்த பையன். மூன்று வயசாகியும் வாய் திறக்கவில்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்துப் பார்த்தார்கள், தேன் தடவிப் பார்த்தார்கள். நான் ஒரு காலை முழுக்க அங்கே உட்கார்ந்து பார்த்தேன். அவன் கண்ணை இந்தப் பக்கம் உருட்டினால் ஒரு அக்காள் தண்ணீர் கொண்டு வருகிறாள். அந்தப் பக்கம் உருட்டினால் இன்னொருத்தி முறுக்கு. மூக்கைச் சுளித்தால் ஈ ஓட்ட ஒருத்தி. நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

"வாயைத் திறந்து கேட்கிற வரைக்கும் எதையும் கையில் கொடுக்காதீங்க" என்று ஐந்து பேரையும் மிரட்டிவிட்டு வந்தேன். ஒரு மாசம் கழித்துப் போனால் மூத்த அக்காள் வாசலிலேயே மறித்து, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "பேசிட்டானுங்க! நாலு வார்த்தை ஒட்டுக்காப் பேசிட்டான், 'ஊசிக்காரம்மாவ நம்ம ஊட்டுக்குள்ள உடாதீங்க'ன்னு."

கைராசி

கைராசிக்காரி என்று பேர் வந்துவிட்டால் மனுஷிக்குக் கண் தெரியாது. அதே மருந்தைச் செல்வராசுக்கும் எழுதினேன். காது நன்றாகக் கேட்கிற பிள்ளை, சோம்பலில்தான் பேசவில்லை, வாய் திறந்து கேட்டால் ஒழிய சோறு போடாதே என்று பாவாயியிடம் சொன்னேன். அவள் அப்படியே செய்தாள். வாய்க்கு நேரே ஐந்து விரலைக் காட்டிக் காட்டிப் பிள்ளை அழ, இவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு "சோறுன்னு சொல்லு சாமி, சொல்லு சாமி" என்று கூடச் சேர்ந்து அழுதிருக்கிறாள். ஒரு மாசம் இப்படி நடந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

கடைசியில் அர்த்தநாரிதான் தட்டைப் பிடுங்கிப் பையனுக்கு ஊட்டினாராம். நான் அடுத்த தடவை போனபோது மனுஷர் தறியை நிறுத்தவில்லை, வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நெய்துகொண்டே கத்தினார்: "உங்க மருந்து எங்களுக்குத் தாங்காதுங்க. அவன் பேசாட்டிப் போறான், திங்கட்டும்."

மாரியம்மன் கோயில் மணி

காது நன்றாக இருக்கிறது என்று சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படியென்றால் குற்றம் நாக்கில்தானே? நாக்குக்குரிய வைத்தியமெல்லாம் நடந்தது. ஒன்றும் பலிக்காமல், ஊர் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு வெண்கல மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டார்கள். மணி நாக்கு ஆடினால் பிள்ளை நாக்கும் ஆடும் என்று கணக்கு. பையனுக்கு அப்போது மூன்றரை வயசு. பாவாயிக்கு என் மேல் கோபமில்லை. "நீங்களும் வரோணும்" என்று ஆளனுப்பினாள். போனேன். நான் வேதக்காரி, கும்பிடலாமா கூடாதா என்று பங்குச் சாமியாரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோரமாக நின்றுகொண்டேன்.

கற்பூரம் காட்டினார்கள். கூட்டம் மொத்தமும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடியது. பாவாயி, அர்த்தநாரி, அண்ணன், மச்சினன்மார், அத்தனை பேரும். திறந்திருந்த கண் இரண்டு பேருக்குத்தான். எனக்கும் செல்வராசுக்கும். அவன் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைகுனிந்தபடி தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு நேர் பின்னால் புது மணியை ஓங்கி அடித்தார்கள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இடுப்பில் இருந்த குழந்தை ஒன்று வீறிட்டது. கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. செல்வராசு தேங்காயை மென்றான். இமைகூட அசையவில்லை.

பிறகு எல்லாரும் கண்ணைத் திறந்து மணியை அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் திரும்பி அண்ணாந்து பார்த்தான். அன்றைக்குத் தறிக்கூடத்தில் திரும்பினானே, அதே திரும்பல். என் மணியை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. சுற்றி இருந்தவர்கள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறான். பூசாரி விபூதித் தட்டோடு வாசலுக்கு வந்து, என் முகம் போன போக்கைப் பார்த்து மணியை நான் மெச்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்: "என்ன நாதம் பாத்தீங்களாம்மா? அஞ்சு ஊருக்குக் கேக்குமுங்க."

பாவாயி கேட்ட கேள்வி

மறுநாள் காலையிலேயே போனேன். மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பாவாயியைக் கண்ணை மூடச் சொல்லி, மற்றவர்களையும் மூடச் சொல்லி, மணியடித்தேன். பையன் திரும்பவில்லை. பிறகு எல்லாரும் திறந்துகொண்டு பார்க்கும்போது அடித்தேன். திரும்பினான். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. "நாக்கு மேல தப்பில்ல, புள்ள மேல தப்பில்ல, சாமி மேலயும் தப்பில்ல. காது கேக்காத புள்ளைய, கேக்குதுன்னு எழுதுனது நான். ஒன்றரை வருஷத்தப் பாழாக்குனதும் நான், அவனைப் பட்டினி போட வெச்சதும் நான்" என்றேன்.

அர்த்தநாரி தறியை விட்டு எழுந்து வந்தார். அடிக்கக்கூட அடிக்கலாம் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பாவாயி ராட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப, இத்தன நாளும் தொட்டில ஆட்டிக்கிட்டு நான் பாடுனதெல்லாம் யாருக்குங்க?"

இரண்டு ஆரோக்கியமேரிகள்

காது கேளாத பிள்ளைகளுக்கென்று தங்கிப் படிக்கிற பள்ளி ஒன்று இருந்தது. ஐந்து வயசுக்குள் சேர்த்தால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், ஓரளவு பேசவும் பழக்குவார்கள். தாமதமானால் கஷ்டம் என்று சொன்னார்கள். அதை நான் விசாரித்துக் கண்டுபிடிப்பதற்குள் பையனுக்கு நாலு முடிந்திருந்தது. அர்த்தநாரியின் அண்ணன், "அங்க சேத்தா ஊமைங்கற பேரு நெலச்சுருமுங்க" என்றார். பாவாயி அவர் முகத்துக்கு நேரே, "இப்ப என்ன பேரு சொல்லிக் கூப்புட்டாலும் அவனுக்குக் கேக்காதுங்க மாமா" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாதது அட்டை. பள்ளியில் கேட்ட காது கேளாத சான்றிதழுக்காகப் போன இடத்தில் குமாஸ்தா ஒருவர் அதை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் படித்தார். "செவி நன்றாகக் கேட்கிறது. கையெழுத்து. கீழே கோடு வேறே. கேட்கிற பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாதே" என்றார். பையன் எதிரில் நிற்கிறான், மேஜையைத் தட்டிப் பாருங்கள் என்றேன். மேஜையைத் தட்டுவது தன் வேலை இல்லை என்றார். எழுதியது தவறு என்று நானே மனு எழுதினேன். அதற்கு மேலதிகாரியம்மா என்னிடம் விளக்கம் கேட்டார், விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார். மூன்று மாசம் இழுத்தது. குமாஸ்தா பழைய அட்டையையும் புது மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசியாகச் சொன்னார்: "கேக்குதுன்னு எழுதுன ஆரோக்கியமேரியும் நீங்க, கேக்கலைன்னு எழுதுற ஆரோக்கியமேரியும் நீங்க. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா, நான் முத்திரை வெக்கறேன்."

யாரை நினைப்பது

அதற்குப் பிறகு எந்த ஊரில் மணியெடுத்தாலும் முதலில் சுற்றி நிற்கிற அத்தனை பேரையும் கண்ணை மூடச் சொல்வேன். மேலதிகாரிகள் வந்திருந்தால் அவர்களையும். இதன் பலன் என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கிறிஸ்துவ நர்சம்மா ஊர் ஊராகப் போய்க் கண்ணை மூடவைத்து மணியடித்து வேதத்தில் சேர்க்கிறாள் என்று ஒரு சேதி எனக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போனது. டவுனிலோ, நான் மாரியம்மன் கோயில் மணிக்குப் போய் நின்றேன் என்று பங்குச் சாமியாருக்கு யாரோ பற்றவைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் என்னை முறைத்தது.

ஒரு ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சண்டைக்கு வந்தவரை உட்காரவைத்து, செல்வராசு கதையை ஒளிக்காமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கூட வந்தவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு கண்ணையும் மூடிவிட்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டார்: "மூடறதுல ஒண்ணுமில்லீங்க. மூடுனதுக்கப்பறம் யாரை நெனைக்கறதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

செல்வராசின் தீர்ப்பு

பாவாயிக்கு அடுத்ததாக ஒரு பெண் பிறந்தது. எட்டு மாசமானபோது எனக்கு ஆள் வந்தது. போவதற்கே பயம். போய்ப் பார்த்தால் செல்வராசு லீவுக்கு வந்திருந்தான். ஏழு வயசுப் பையன், தலை படிய வாரி, பள்ளிக்கூடத்து அரைக்கால் சட்டையோடு. வாய் அசைவைப் பார்த்து அவனுக்குச் சட்டென்று புரிகிறதாம். தறிவீட்டுப் பிள்ளை என்பதால் முகம் பார்க்கிற பழக்கம் முன்பே கைவந்திருக்கிறது என்று அங்கே டீச்சர் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது பாவாயிக்குப் பெருமை தாங்கவில்லை. குழந்தையை நடுவில் உட்காரவைத்தோம். நான் சொல்லாமலே தறி நின்றது, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். செல்வராசு மட்டும் மூடவில்லை. குழந்தைக்கு எதிரே சம்மணம் போட்டு, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணியை ஆட்டினேன். குழந்தை திரும்பியது. "திரும்பிட்டா பாவாயி, காது நல்லாக் கேக்குது" என்றேன். அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தாள். அவன் குழந்தையைக் காட்டினான், தன் காதைத் தொட்டான், மணியடிப்பது போலக் கையை ஆட்டினான். அப்புறம் பள்ளிக்கூடத்தில் பழக்கிக் கொடுத்தபடி, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, கொஞ்சம் உரக்கவே, "பாப்பாவுக்கு, கேக்குது" என்றான். பாவாயி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்: "இப்ப எழுதிக்கங்க."

பத்து வருஷத்துக்கு மேல் நான் எழுதித் தள்ளிய அட்டைகளில், கீழே கோடு இழுக்காமல் விட்டதும் இன்றுவரை நான் முழுசாக நம்புவதும் அந்த ஒன்றைத்தான்.